அப்பா போட்ட சின்னக் குழல்

நடந்ததை நடந்தபடி மட்டுமே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன், கண்ணில் பட்டதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்வேன்.

துப்பாக்கி எண்ணெயும் எரிந்த வெடிமருந்தும் கலந்த ஒரு வாசனை... ஞாயிறு சாயங்காலம் ஆனால் காவலூர் குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு முழுக்க அதுதான். எண்பதுகளின் தொடக்கம்.

அப்பா மலைமேல் வானாய்வுக்கூட ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சோடாபாட்டில் கண்ணாடி. சீட்டாட்டம் கிடையாது, சினிமா கிடையாது. முந்நூறு கஜம் தள்ளி நிற்கும் அட்டையைக் குறிபார்த்துச் சுடுவது ஒன்றுதான் அவருக்கு. ஒடுகத்தூர்ப் பக்கம் அடிவாரத்தில் ரைஃபிள் கிளப் மைதானம் இருந்தது. வேட்டைக்கு மட்டும் யார் கூப்பிட்டாலும் போகமாட்டார்.

ஒரு வருஷம் குண்டுகள் சிதற ஆரம்பித்தன. அட்டையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓட்டை. கண்ணுக்குள் கருப்புப் புள்ளிகள் மிதக்கின்றன என்றும், இருட்டில் மின்னல் வெட்டுகிறது என்றும் அப்பா சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது.

பிசகு கண்ணிலா, துப்பாக்கியிலா? இரண்டையும் காட்ட வேலூருக்குப் போனோம். நானும் கூடப் போனேன்.

கண் டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "ரெடினா ரொம்ப மெலிசா இருக்கு. எப்ப வேணா கிழியலாம். வெயிட் தூக்கக் கூடாது, தலை அதிரக் கூடாது. என்ன வேலை பாக்கறீங்க?"

"ஃபிட்டருங்க" என்றார் அப்பா. அதோடு நிறுத்திக்கொண்டார். நான் அவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

அடுத்தது துப்பாக்கி ரிப்பேர் செய்யும் ஜாஃபர் பாய் கடை. அவரும் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். உள்ளே திருகலாக ஓடும் வரிகள் தீய்ந்து மழுங்கிவிட்டன என்றார்.

"குழல் பூட்ச்சி ஃபிட்டர் சார். இனிமே இத்த வெச்சி அடுப்புதான் ஊதலாம்."

ஆக, இரண்டிலுமே பிசகு.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் அம்மாவிடம் சொன்னேன்.

"வித்துடுங்க அந்தத் துப்பாக்கிய" என்றாள் அம்மா. "கண்ணு பூடுச்சின்னா இன்னா பண்றது?"

அப்பா சண்டை போடவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார், சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். சில நாள் கழித்து அவரே வந்து மெதுவாகக் கேட்டார். "சின்ன குழலா போட்டுக்கறேன். பெருசு மாரி உதைக்காது. தோள்ல ஒரு தட்டு, அவ்ளோதான்."

அம்மா அரிசி களைந்துகொண்டே இருந்தாள்.

அடுத்த ஞாயிறு பாய் கேட்டலாக்கோடு பஸ் ஏறி வந்தார். குழல் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். எந்த கேலிபர், அதாவது எவ்வளவு விட்டமுள்ள குழல் என்று அன்றே முடிவு செய்தாக வேண்டும். பழையபடி முப்பது நாட் சிக்ஸா, பெயரில் எண் பெரிது என்றாலும் அதைவிடச் சின்னதான டூ ஃபார்ட்டி த்ரீயா? பொடி எழுத்தை அப்பாவால் படிக்க முடியவில்லை. டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு நான்தான் படித்துச் சொன்னேன்.

"சின்னது" என்றார் அப்பா.

பாய் சிரித்துவிட்டார். "இன்னா சார் நீங்க! சின்னதுல சூடு ஜாஸ்தி, பெருசு நிக்கற நாள்ல பாதிகூட நிக்காது. வூட்ல இருக்கற தோட்டா ஒண்ணுகூட அதுல போவாது. லைசென்ஸ்ல கேலிபர் மாத்த கலெக்டர் ஆபீஸுக்கு நடந்தே செருப்பு தேஞ்சிடும். தோள் நோவுதுன்னா சொல்லுங்க, தலகாணி வெச்சிக்கினு சுடலாம்!"

அப்பாவும் சிரித்தார். காரணத்தைச் சொல்லவில்லை.

சமையலறை வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சின்னதே போடுங்க பாய். நான்தான் சொல்றேன்."

பாய் ஒருமுறை அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "வூட்டம்மாவே சொல்ட்டாங்க. அப்பறம் இன்னா" என்று கேட்டலாக்கை மடித்தார்.

குழல் வந்து சேர்வதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது. பாய் அதைப் பொருத்திக் கொடுத்தார். சுட்டுப் பார்க்கும் அன்று, வாழ்க்கையில் முதல்முறையாக அம்மாவும் மைதானத்துக்கு வந்தாள். பழைய காக்கி பேண்ட்டை வெட்டி அவளே தைத்த மணல் மூட்டைகள்மேல் துப்பாக்கியைச் சாய்த்து, அப்பா குப்புறப் படுத்துச் சுட்டார்.

ஒவ்வொரு வெடிக்கும், "உதைக்குதா? உதைக்குதா?" என்று கேட்டபடி இருந்தாள்.

"இல்லடி, இல்லடி."

ஐந்து குண்டுகள். நான் ஓடிப்போய் அட்டையைக் கொண்டுவந்தேன். காபி டம்ளரை அதன்மேல் கவிழ்த்தால் ஐந்து ஓட்டைகளும் மறைந்தன. அப்பா அவ்வளவு நன்றாகச் சுட்டு நான் பார்த்ததே இல்லை... அவர் அப்படிச் சிரித்தும்.

அந்த வாரமே, ஒர்க்‌ஷாப்பில் கீழே கிடந்த ஸ்பானரைக் குனிந்து எடுத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். "கருப்பா ஒரு தெரை, கீழருந்து மேல ஏறுது" என்றாராம். வலது கண்.

ஆபரேஷன் நடந்தது. வீட்டிலும் தலையைத் திருப்பாமல் மல்லாந்து கிடக்கச் சொன்னார்கள். தலை அசையாமலிருக்க இரண்டு பக்கமும் வைக்க வீட்டில் வேறு எதுவும் இல்லை. அந்தக் காக்கி மணல் மூட்டைகளைத்தான் அம்மா வைத்தாள்.

பார்வை திரும்பவில்லை. துப்பாக்கி கைமாறியது.

குழல் உதைத்ததாலா? குனிந்ததாலா? அல்லது எதுவுமே இல்லாமலும் கிழிந்திருக்குமா? எங்களுக்குத் தெரியாது. அம்மா மட்டும் கடைசிவரை, "நான் அன்னிக்கி வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு அப்பாவின் பதில் எப்போதும் ஒன்றுதான். "அஞ்சும் டம்ளருக்குள்ள வுழுந்திச்சே, அத்த நெனைடி."

இப்போது இருவருமே இல்லை.

போன வாரம் எனக்கும் கண்ணில் புள்ளிகள். அன்று வாரக்கணக்கில் மல்லாந்து கிடந்த அப்பா... இன்று கிழிசல் சின்னதாக இருக்கும்போதே லேசரில் அடைத்து, அன்றே ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார் டாக்டர். என் மகள் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன், துப்பாக்கியையும் சேர்த்து. பிறகு கேட்டேன். "அந்தச் சின்ன அதிர்ச்சியில கிழிஞ்சிருக்குமா டாக்டர்?"

அவர் கண் பார்க்கும் கருவியை என் பக்கம் இழுத்தார்.

"இருக்கலாம்மா, இல்லாமலும் இருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது. மோவாயை இதுல வெச்சிக்கோங்க."

வைத்தேன். நர்ஸ் அறை விளக்குகளை அணைத்தார்.