தெய்ஸ் பின்னால் வைத்த மூன்றாவது எட்டு

எக்டர்னாக் என்ற ஊரில் கூரைக்கு ஓடு வேய்கிற தெய்ஸுக்கு இரண்டு தொழில். வருடம் முழுக்க ஊரார் வீட்டுக் கூரையில் மண்டி போடுவார். பெந்தெகொஸ்தே திருநாளுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மட்டும், கோயிலில் இருக்கும் புனிதரின் கல்லறைக்கு ஆடிக்கொண்டே போகிற ஊர்வலத்தில், ஊராரின் நேர்த்திக்கடனுக்காகக் குதிப்பார். காலுக்கு முடியாதவர்கள், கடையை விட்டு நகர முடியாதவர்கள், தெருவில் ஆட வெட்கப்படுகிறவர்கள் எல்லோரும் அவரைத்தான் பிடிப்பார்கள். கூலி ஒரு பன்றித்தொடை, இல்லாவிட்டால் ஒரு புட்டி பிளம் சாராயம். ஒரு வருடம் ஏழு பேர் வேண்டுதலைச் சுமந்து ஆடினார்.

"ஏழு பேருக்கும் ஒரே ஆட்டமாப்பா?" என்று பாதிரியார் கேட்டார்.

"புனிதருக்குப் பிரிச்சுக் குடுக்கத் தெரியாதா சாமி?" என்றார் தெய்ஸ். இந்த வாய் எல்லோரிடமும் நீளும், எதிர்வீட்டுச் சத்திரக்காரி லெயோனியிடம் மட்டும் நீளாது. நாற்பத்தைந்து வயது மனுஷன், அந்த விதவையைக் கண்டால் தொப்பியைப் பிசைந்துகொண்டு நிற்பார். என்ன பிழைப்போ!

அந்த வருடம் லெயோனியே அவரைக் கூப்பிட்டாள்.

"யோவ் தெய்ஸ், எனக்கும் ஒரு வேண்டுதல் இருக்கு. யாத்திரைக்காரங்களுக்குச் சமைக்கணும், அடுப்பை விட்டு வர முடியாது. நீ ஆடிடு."

"என்ன வேண்டுதல் லெயோனியம்மா?"

"அதை உங்கிட்ட ஏன் சொல்லணும்? எட்டை ஒழுங்கா வையி, போதும்."

ஒரு மாதமாக, ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த தபால்காரர் பெர்னார் அந்த வாசலில் சைக்கிளை நிறுத்துவதும், அவள் காசு வாங்காமல் ஒயின் ஊற்றுவதும் கூரை மேலிருந்து தெய்ஸுக்கு நன்றாகத் தெரிந்தது. விதவை ரகசியமாக வேறு என்ன வேண்டுவாள்? ஆக, அவர்கள் கல்யாணத்துக்கு இவர் குதித்து வழி பண்ண வேண்டும்! நல்லா இருக்கே நியாயம்!

அந்தக் காலத்தில் ஊர்வல ஆட்டம் என்றால் மூன்று எட்டு முன்னே, இரண்டு எட்டு பின்னே. தெய்ஸ் ஒரு முடிவுக்கு வந்தார். பின்னாலும் மூன்று வைத்துவிட்டால் வேண்டுதல் இருந்த இடத்திலேயே நிற்கும். கொண்டு சேர்க்கவில்லை என்று யார் கேட்பார்கள்?

அந்தச் செவ்வாய்க்கிழமை பாலத்தில் வாத்தியம் தொடங்கி ஊர்வலம் கிளம்பியது. வரிசைக்கு ஐந்து பேர், ஆளுக்கு ஆள் நடுவே கைக்குட்டை. மூன்று முன்னே, இரண்டு பின்னே, தெய்ஸ் மட்டும் இன்னொன்று பின்னே. கைக்குட்டையின் மறுமுனையைப் பிடித்து அவரையும் முன்னே இழுத்துக்கொண்டு ஆடிய ரொட்டிக்கடை ஜாங்குக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது.

"என்னய்யா, மாட்டைப் பிடிச்சுப் பின்னால இழுக்கற மாதிரி இழுக்கறே? காலையிலேயே ஏத்திட்டியா?"

"நீ உன் காலைப் பாத்து ஆடு!"

கோயில் கண்ணில் படும்வரை இந்தக் கூத்து நடந்தது. கடைசி ஏற்றத்தில், வழுக்குக் கல் மேல் அந்த மூன்றாவது எட்டை வைத்தார் பாருங்கள், வலது முட்டி நறுக்கென்றது. புனிதரின் கல்லறைவரை ஜாங்தான் முதுகில் சுமந்து போனார், வழி நெடுகத் திட்டிக்கொண்டே.

பிறகு அவரைச் சத்திரத்துப் பெஞ்சில் இறக்கிவிட்டார்கள். லெயோனி வீங்கின முட்டியில் வினிகர் துணியைச் சுற்றினாள். சுற்றச் சுற்ற அவள் கண் கலங்கியது.

"இந்த முட்டிக்காகத்தான்யா வேண்டிக்கிட்டேன். கூரையிலேர்ந்து இறங்கறப்போ நீ முனகறது என் ஜன்னலுக்குக் கேக்குது. மனசு தாங்கல. பெர்னாரு கைல கால்ல விழுந்து, ட்ரியர் பட்டணத்துலேர்ந்து தைலம்கூட வரவழைச்சேன். அவரு பொண்டாட்டி தினம் எங்கிட்ட சண்டைக்கு வர்றா, புருஷனுக்கு ஊத்திக் குடுக்கறேன்னு!"

"பெர்னாருக்குப் பொண்டாட்டி இருக்கா?"

"ஆறு புள்ளைங்களும் இருக்கு."

தெய்ஸால் அடக்க முடியவில்லை. மூன்றாவது எட்டைப் பற்றி ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். லெயோனி ஈரத்துணியை உருவி அவர் முகத்திலேயே அறைந்தாள். அப்புறம் சிரித்த சிரிப்பில் யாத்திரைக்காரர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"அடுத்த வருஷம் நானே ஆடிக்கறேன். நீ அடுப்பைப் பாரு."

"அதுவரைக்கும்?"

"முட்டி ஆறற வரைக்கும் இங்கயே கிட. உன் வீட்டு மாடிப்படியை எப்படி ஏறுவே?"

அத்தனை வருடம் ஊருக்காக ஆடிய தெய்ஸ், அன்றைக்குத்தான் தனக்கென்று ஒரு வேண்டுதல் வைத்தார்: புனிதரே, இந்த முட்டி மட்டும் சீக்கிரம் ஆறிவிடக் கூடாது.