தேடினேன் என்று எழுதிக் கொடுத்தேன்

என் மகள் தர்சினிக்கு முதலில் வலது முழங்கால் வீங்கியது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. தண்ணீர் எடுத்துவரச் சொன்னேன். ஏலாது என்றாள். கள்ளம் பண்ணுகிறாள் என்று நினைத்து அதே காலில் அடித்தேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிச் சொல்லப்போவது இதைவிட மோசம்.

மூன்று நாளில் வலது கால் வீக்கம் வற்றி இடது காலுக்குப் போனது. பிறகு கணுக்கால். பிறகு பாயிலிருந்து எழும்பவே மூச்சு வாங்கியது. மட்டக்களப்பில் டாக்டர் அவளுடைய நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார்.

"முன்னம் தொண்டை நோ வந்ததா அம்மா?"

வந்தது. மல்லி அவித்துக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினேன். அது வாதக் காய்ச்சலாம் (தொண்டையில் வந்த கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடல், பிறகு தன் மூட்டுகளையும் இதயத்தையுமே தாக்குவது). எக்கோ எடுத்தார்கள் (ஒலி அலையால் இதயத்தைப் படமாகப் பார்ப்பது). இதயத்தின் இடப்பக்க வால்வு (இரத்தம் திரும்பி ஓடாமல் மூடும் கதவு) சரியாக மூடவில்லை.

இரண்டு வருடம் மருந்தில் ஓடியது. யுத்தம் முடிந்த வருடம் அவள் பள்ளிப் படி ஏறவும் முடியாமல் போனாள். இனி வெட்டித்தான் ஆகவேண்டும், மூன்று மாதத்துக்கு மேல் பொறுக்காதீர்கள் என்றார் டாக்டர். கொழும்பில் வரிசை நீளம். ஒரு தொண்டு நிறுவனம் பிள்ளைகளை இந்தியாவுக்குக் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்வித்தது. தர்சினியின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். கடவுச்சீட்டு வேண்டும். அதற்குத் தாய் தகப்பன் இருவருடைய கையெழுத்தும் வேண்டும்.

தகப்பன் இல்லை. வாகரையில் எங்கள் வீட்டையும் தோணியையும் சுனாமியில் கடல் கொண்டுபோன பிறகு செட்டிபாளையத்தில் தகரக் கொட்டிலில் இருந்தோம். இரண்டாம் வருடம் வெள்ளாமை (நெல்) வெட்டப் போகிறேன் என்று போன ஆள் திரும்பவில்லை. சில மாதம் கழித்து மீன்காரி ஒருத்தி கூடையை இறக்கிவைத்துச் சொன்னாள்:

"உன்ட மனிசன வெல்லாவெளியில கண்டன்கா. வட்டையில வயலுக்குக் காவல் நிக்கார். வேற ஒருத்தியோட குடித்தனம்."

"செத்தவன்ட கதைய எனக்குச் சொல்லாத. மீன் என்ன விலை?" என்றேன்.

ஆகவே எனக்குத் தெரியும். பஸ்ஸில் ஏறி, பிறகு வாவியைப் பாதையில் (ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றும் மிதவை) கடந்தால் அரை நாள் பயணம். போகவில்லை. அந்தப் பெண்ணின் வாசலில் நின்று "ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று கேட்பதைவிடச் சாகலாம் என்று இருந்தது. சாகக் கிடந்தது நான் அல்ல, பிள்ளை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தொண்டு நிறுவனத்தில் ஒரு பெண் கேட்டாள், "கணவர் எங்க?"

"காணல்ல" என்றேன்.

அவள் பேனாவை வைத்துவிட்டாள். குரல் தாழ்ந்தது. தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். அந்த வருடம் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: யுத்தத்தில் பிடித்துக்கொண்டுபோய்த் திரும்பாத ஆள். மிச்சத்தை அவளே நிரப்பிக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. தண்ணீரைக் குடித்தேன்.

அவசரமாகக் கட்டுக்காப்புக் கட்டளை (பிள்ளையின் பொறுப்பை ஒருவரிடமே கொடுக்கும் நீதிமன்ற உத்தரவு) எடுத்தால் ஒரு கையெழுத்துப் போதும் என்றார் நிறுவனம் பிடித்துத் தந்த சட்டத்தரணி (வக்கீல்). சத்தியக்கடதாசியில் (உண்மை என்று சத்தியம் செய்து கையெழுத்திடும் பத்திரம்) "பல இடங்களிலும் தேடினேன், இருக்குமிடம் தெரியாது" என்று எழுதினார். கிராம சேவகரின் கடிதமும் வேண்டும் என்றார்.

கிராம சேவகர் என்னை நேரே பார்க்கவில்லை. "ஆள் வெல்லாவெளிப் பக்கம் எண்டு ஒரு கதை இரிக்கே, புள்ள."

"கதைய வச்சி என்ட புள்ளைக்கு ஒப்பரேசன் செய்யேலுமா சேர்? அவள் பாயில கிடக்காள். நீங்க கதை கேட்டுக்கிட்டு இரிக்கீங்க."

சத்தம் போட்டேன். எனக்கு அது நன்றாக வரும். அவர் முத்திரை குத்தித் தந்தார்.

நீதிமன்ற வாங்கில் என் பக்கத்தில் வாகரைப் பெண் ஒருவர் இருந்தார். பரமேஸ்வரி அக்கா. மகன் காணாமல் போய் இரண்டு வருடம். மடியில் பொலித்தீன் பையில் அவனுடைய படம், பள்ளி அடையாள அட்டை, எழுதிய முறைப்பாடுகளின் பிரதிகள்.

"ஆர தேடுறாய்?"

"மனிசன."

"படம் கொண்டரல்லியா? மடச்சி. படம் இல்லாம ஒருத்தனும் காது குடுக்கமாட்டான். இந்தா, சாப்பிடு." தன் பணிஸைப் பிய்த்துப் பாதியைத் தந்தார். எந்தத் தடுப்பு முகாமில் யாரைக் கேட்க வேண்டும், எந்த அலுவலகத்தில் எந்த நாள் போனால் பேசுவார்கள் என்றெல்லாம் சொல்லித் தந்தார். இரண்டு வருடம் அலைந்து சேர்த்ததை ஒரு மணித்தியாலத்தில் எனக்குக் கொடுத்தார். நான் தலையாட்டிக்கொண்டே பணிஸைத் தின்றேன்.

உள்ளே நீதிபதி டாக்டரின் கடிதத்தை வாசித்தார். நான் தாங்கிக் கூட்டிப்போயிருந்த தர்சினியின் நீலம் பூத்த உதட்டைப் பார்த்தார். "தகப்பனப் பற்றி ஏதும் தகவல்?"

"இல்லை, ஐயா."

இடைக்காலக் கட்டளை அன்றே கிடைத்தது. வெளியே வந்ததும் பரமேஸ்வரி அக்கா என் கன்னத்தைத் தடவினார். "உன்ட மனிசன் வந்தா, முகாம் உள்ளுக்க என்ட பொடியனக் கண்டதா எண்டு கேட்டுச் சொல்லுகா."

"ஓம்" என்றேன்.

இந்தியாவில் ஒப்பரேசன் ஆறு மணித்தியாலம். வால்வை மாற்றவில்லை. தைத்து, வளையம் வைத்துச் சரிசெய்தார்கள். நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். மூன்றாம் நாள் கட்டிலைப் பிடித்து நடந்தாள். ஏழாம் நாள் என்னை முந்தி நடந்தாள். அன்று அழுதேன், ஆனால் முழுவதும் சந்தோஷத்தால் என்று சொல்ல மாட்டேன்.

திரும்பி வந்த பிறகு சட்டத்தரணியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "சொல்லியிருந்தா அவருக்கு அறிவித்தல் அனுப்பியிருப்பம் தங்கச்சி. வராட்டியும், மறுத்தாலும், புள்ளைட உயிர் எண்டு கேட்டுக் கட்டளை எடுத்திருக்கலாம். சிலவேளை ஒரு கிழமை பிந்தியிருக்கும்."

ஒரு கிழமை. ஏழு நாள், அவ்வளவுதான். நான் மகளுக்காகப் பொய் சொல்லவில்லை. என் மானத்துக்காகச் சொன்னேன். என் நிலையில் இருந்துகொண்டு இதை வாசிக்கிற பெண்களுக்குச் சொல்கிறேன்: ஆள் இருக்கும் இடம் தெரிந்தால் தெரியும் என்று எழுதுங்கள். 'காணல்ல' என்ற சொல்லை உண்மையிலேயே தேடுகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

காய்ச்சல் திரும்பி வராமல் இருக்கத் தர்சினிக்கு இருபத்தொரு நாளைக்கு ஒரு பெனிசிலின் ஊசி. வளர்ந்த பிறகும் போட வேண்டும், சிலவேளை காலம் முழுவதும். எங்கள் வீட்டில் மாதம், கிழமை எல்லாம் போய்விட்டது. ஊசிக்கு எத்தனை நாள் என்பதுதான் கணக்கு.

இந்தத் தடவை ஊசிக்குப் போனபோது புதிய தாதி அட்டையை நிரப்பினார். தகப்பன் பெயர் கேட்டார். தர்சினி பெயரைச் சொல்லி, "காணாமப் போனவர்" என்றாள். பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொன்னாள். தாதியின் குரல் தாழ்ந்தது.

பஸ் நிறுத்தத்தில் அவளிடம் சொன்னேன். எங்கே இருக்கிறார், யாரோடு, எனக்கு எப்போதிருந்து தெரியும், எல்லாம். என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், அது எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவள் கேட்டது ஒன்றுதான். "அப்ப எனக்கு வெட்டினது அவருக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"எனக்கு நெஞ்சில வருத்தம் எண்டே தெரியாதா?"

"அதுவும் தெரியாது."

அவள் சட்டைக்கு மேலால் நெஞ்சைத் தொட்டாள். அந்தத் தழும்பை நான் தினமும் பார்க்கிறேன். என் பிள்ளையின் உடம்பு எனக்கு மட்டும் தெரிந்தது என்று அதுவரை பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை அந்த நிறுத்தத்திலேயே போனது.

"போவம்" என்றாள்.

"எப்ப?"

"ஊசி போட்டா மூணு நாளைக்குக் கால் இழுக்கும். நாலாம் நாள் போவம். வாவிப் பாதையில நிக்க ஏலும்." கொஞ்சம் யோசித்தாள். "காட்டுறது நான். கதைக்கிறது நீங்க, அம்மா."

இன்று மூன்றாம் நாள். அவள் முற்றத்தில் நடந்து பார்க்கிறாள். கால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. நாளைக்குச் சரியாகிவிடும் என்கிறாள்.