பிஸ்கட் டப்பாவில் ஒரு சூனியம்

“ஐந்நூறு அறுநூறு வருசத்துக்கு முந்தி செத்துப்போன வெள்ளைக்காரச் சூனியக்காரிங்களப் படிச்சிட்டு நீ என்னம்மா வேலைக்குப் போவ?”

கேட்டவர் என் சித்தப்பா. ஆக்லாந்தின் பாபகூராவில் இரண்டு வீடும், எதைப் பற்றியும் ஒரு கருத்தும் வைத்திருப்பவர். என் அப்பாவும் அம்மாவும் மலேசியத் தோட்டத்துப் பள்ளியில் ஆரம்ப வகுப்போடு நின்றவர்கள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

“சூனியக்காரிங்க இல்ல சித்தப்பா. சூனியக்காரின்னு பழி சுமத்தப்பட்ட சீமாட்டிங்க.”

“ரெண்டும் ஒண்ணுதான் லா.”

ஒன்றல்ல என்பதைப் பிற்பாடு அவரே எனக்குப் பாடம் நடத்திக் காட்டினார்.

பெரியப்பாவின் முதல் வருடத் திதி லின்ஃபீல்டில் பெரியம்மா வீட்டில் நடந்தது. அந்த வீடு இப்போது பெரியம்மா பெயரில் இருக்கிறது. மடக்கு நாற்காலி எடுக்க கராஜுக்குப் போன சித்தப்பா, நாற்காலியை விட்டுவிட்டு ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். எல்லார் முன்னாலும் திறந்தார். உள்ளே சிவப்புத் துணி, அதற்குள் சுருட்டிய முடி, கூடவே நான்கைந்து வெள்ளை உருண்டைகள்.

“அண்ணன் திடீர்னு போனப்பவே எனக்கு மனசு என்னமோ செஞ்சுச்சு” என்றார், தழுதழுத்த குரலில்.

பெரியம்மா வடைக் கரண்டியைக் கூடக் கீழே வைக்கவில்லை. “அது என் முடி. சீவுறப்போ உதிர்றதச் சேத்து வைக்கிறேன், சவுரி கட்ட. அது அந்துருண்டை, பூச்சி அரிக்காம இருக்க. உங்கண்ணன் இருபது வருசமா வழுக்கை. அவரு முடிக்கு நான் எங்க போவேன்?”

சிரிப்பு எழுந்தது. ஆனால் சிரித்தவர்களில் பாதிப் பேர் வடையைத் தொடாமல் வீடு திரும்பினார்கள்.

விஷயம் அவர்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. பெரியம்மாவின் முன்னறையில் வாடகைக்கு இருந்த நர்சிங் மாணவி, ஈரப்பதம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக் கிளம்பினாள். ஆக்லாந்தில் ஈரப்பதம் இல்லாத அறையைத் தேடி எங்கே போனாளோ! அந்த வாடகையில்தான் பெரியம்மா வங்கிக்கு வீட்டுக் கடன் கட்டி வந்தார். அடுத்து அறை பார்க்க வந்தவர்களுக்கும் யாரோ முன்கூட்டியே சேதி சொல்லியிருந்தார்கள். அறை காலியாகவே கிடந்தது.

சரியான நேரத்தில் சித்தப்பாவுக்கு இரக்கம் சுரந்தது. “அண்ணி, தனியா எதுக்குக் கஷ்டப்படுறீங்க? வீட்ட நானே வாங்கிக்கிறேன். நீங்க எங்களோட வந்து இருங்க.”

கணவனைச் சூனியம் வைத்துக் கொன்றவரைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

நான் படிக்கும் சீமாட்டிகளில் ஒருத்தி, ஒரு ராஜாவின் விதவை. பட்டத்துக்கு வந்தவன் மூத்த தாரத்து மகன். அவனுக்குப் போருக்குப் பணம் வேண்டும். அவளுக்கோ கணவன் வழியில் நல்ல வருமானமுள்ள நிலங்கள். ஒருநாள் அவள் சூனியத்தால் அந்தப் புது ராஜாவைக் கொல்லப் பார்த்ததாகச் செய்தி வந்தது. நிலங்கள் உடனே பறிபோயின. விசாரணை மட்டும் நடக்கவேயில்லை. நடந்தால் ஆதாரம் கேட்பார்களே. சாகும் தறுவாயில்தான் ராஜா சொத்தைத் திருப்பித் தரச் சொன்னான். அப்படிக் காத்திருக்கப் பெரியம்மாவிடம் பொறுமை இருந்தது, வங்கியிடம் இல்லை.

இந்தக் கதையைச் சித்தப்பாவிடம், அவர் தேநீர் குடித்து முடிக்கும்வரை சொன்னேன்.

“வீடு வேணும்னா வீடு வேணும்னு கேளுங்க சித்தப்பா. முடிய எதுக்கு இழுக்குறீங்க?”

“ரொம்பப் படிச்சிட்ட” என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நகரத்தில் நான் வாடகைக்கு இருந்த ஃபிளாட்டை விட்டுவிட்டேன். போன சனிக்கிழமை அப்பாவின் வேனில் என் புத்தகப் பெட்டிகள் பெரியம்மாவின் முன்னறைக்கு வந்துவிட்டன. முதல் வாடகையும் கட்டியாகிவிட்டது. முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தபோது இந்த முகவரியைத்தான் கொடுத்தேன். இன்று காலை தலை சீவியதும், சீப்பில் சிக்கிய என் முடியைச் சுருட்டி அந்த டப்பாவில் போட்டு மூடினேன்.