அறுபது பவுண்டு அதிகம்

சோளக் கிட்டங்கியின் எடைமேடையில், தான் விற்கும் படுக்கை வைத்த சுற்றுலா டிரெய்லரைத் தனியாகக் கழற்றி நிறுத்தியதும், வெர்னா ஹௌகன் உள்ளே புகுந்து மெத்தைகளைத் தூக்கிப் பார்ப்பாள். தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிடுவாள். கூரையில் காக்கை உட்கார்ந்திருந்தால் அதையும் கைதட்டி விரட்டுவாள். பிறகுதான் எண்ணைப் படிப்பாள். அந்த அயோவா ஊரின் சோளக் கிட்டங்கிக்காரர்களுக்கு இது பழகிப்போன கூத்து.

"தகட்டுல அச்சடிச்ச எடையை நம்பி மலையேறாதே. இறங்கும்போது டிரெய்லர் உன் பின்னாடி வராது, உன்னைத் தள்ளும்" என்பாள். நடுக்கோடையிலும் ரப்பர் பூட்ஸ். வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை. குடும்பத்தோடு வருகிறவர்களிடம் விலை பேசுமுன் அவர்கள் கார் இழுக்கும் எடையைத்தான் கேட்பாள். ஆசைப்பட்டுப் பெரியதைத் தொட்டுவிட்டால் போச்சு: "உன் கார் கழுதை. நீ பார்க்கிறது யானை இழுக்கிற வண்டி. போ, போ!"

அவள் கொட்டகையில் மூன்று வருடமாக விற்காமல் நின்றது ஒன்றே ஒன்று. பச்சைக்கோடு போட்ட சின்ன டிரெய்லர். காகிதத்தில் ஆயிரத்து நானூற்று எண்பது பவுண்டு. மேடையில் ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது. பேட்டரியை எடுத்தாள், எரிவாயு உருளையை எடுத்தாள், தரைப்பலகையைக்கூடப் பெயர்த்தாள். அவற்றின் எடையைக் கழித்தும், காகிதத்துக்கு மேல் அந்த அறுபது பவுண்டு அப்படியே நின்றது. எட்டு வயதுப் பிள்ளையின் கனம். அதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கதவைப் பூட்டும்போது மட்டும் அதற்கு முதுகைக் காட்டமாட்டாள்.

ஜூன் மாதம் கென்ட் தன் மனைவி மேரிபெத்தோடும் மகள் டில்லியோடும் வந்து அதன்முன் நின்றுவிட்டான். அவன் கார் ஆயிரத்து ஐந்நூறு பவுண்டுக்கு மேல் இழுக்காது. காகிதப்படி அந்த எடைக்குள் பிள்ளைக்குத் தனிப்படுக்கை இருந்தது இது ஒன்றில்தான்.

"நாலு வருஷமா இவளை ஒரு ஏரிக்குக்கூடக் கூட்டிட்டுப் போகல, வெர்னாம்மா. இதையே குடுங்க."

"மேடை ஒத்துக்கிட்டா தர்றேன் தம்பி. இல்லேன்னா காலைப் பிடிச்சாலும் தரமாட்டேன். வழியில ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாவம் எனக்கு."

ஒத்துக்கொள்ளாது என்ற நிம்மதியோடுதான் மேடைக்கு இழுத்துப் போனாள். அந்த நிம்மதியில் வழக்கம்போல உள்ளே புகுந்து பார்க்கவும் இல்லை. மேடை ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு காட்டியது. கென்டின் முகம் வாடிவிட்டது. "அட, டில்லி உள்ளே இருக்கா!" என்று மேரிபெத் சிரித்தாள். "இறங்குடி வாலு!"

டில்லி படியில் இறங்கி, திரும்பி உள்ளே பார்த்தாள். "வா, அம்மா திட்டமாட்டாங்க" என்றாள். சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

ஆயிரத்து நானூற்று எண்பது.

"பார்த்தீங்களா! ஒரு பவுண்டு பிசகல!" என்று கென்ட் குதித்தான். வெர்னா எண்ணை மறுபடியும் படித்தாள். காலையிலிருந்து சோள லாரிகளைத் துல்லியமாக எடைபோட்ட மேடை அது. பழுது என்று சொல்ல வழியில்லை. உள்ளதைச் சொன்னால் ஊரே சிரிக்கும். சொல்லாமல் அனுப்பவும் மனம் வரவில்லை. ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று.

டில்லி காரின் பின்னிருக்கையில் ஏறி ஜன்னலோரம் நகர்ந்துகொண்டாள். காலியாக இருந்த பக்கம் கார் ஒரு விரற்கடை தாழ்ந்தது.

வெர்னா கிட்டங்கியின் காற்றுக்குழாயை இழுத்து வந்து அந்தப் பக்கச் சக்கரத்தருகே மண்டியிட்டாள்.

"நேத்துதான் காத்தடிச்சேன், வெர்னாம்மா. மூணு பேர்தானே போறோம், அது போதும்!"

அவள் தலையை நிமிர்த்தாமல் இன்னும் கொஞ்சம் காற்றடித்தாள்.