கடைசியில் எறிபவன்

இந்த அமெரிக்கத் துறைமுகத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், பெரிய மனிதர்கள் மாதா கோவில் வாசலிலேயே நின்று ஒரு பையனின் தோளைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். வந்த புதிதில் அவனுக்கு ஏதோ நோய் என்று நினைத்து நானும் ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. பத்தொன்பது வயது ஜிம்மி எங்கள் துறைமுகத் தொழிலாளர்களின் பேஸ்பால் அணியில் பந்து எறிபவன், பிட்ச்சர் என்கிறார்கள். ஆட்டத்தை அவன் தொடங்க வேண்டுமா, முதல் ஆளின் கை ஓய்ந்தபின் வந்து முடித்துக்கொடுக்க வேண்டுமா என்பதுதான் வழக்கு. யுத்தம் முடிந்ததைப் பற்றிக்கூட இவர்கள் இவ்வளவு பேசியதாக எனக்கு நினைவில்லை.

மேனேஜர் அவனைக் கடைசிக்கென்று வைத்துவிட்டார். ஜிம்மி பெஞ்சில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "கடைசியில் வருபவன் கையில்தான் உயிர் இருக்கிறது" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் ஆறுதல் சொன்னேன். "இது விளையாட்டு, யாரும் சாகமாட்டார்கள்" என்று சிரித்தான். அவனுக்கு எப்படித் தெரியும்?

நம் தூத்துக்குடியில் கடலுக்கடியில் சங்கு குளிக்கப் போகிறவன் தன் இடுப்புக் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பான். தன் அக்காள் தாலியறுக்க எந்தத் தம்பி சம்மதிப்பான்? என் அக்காள் ரோசம்மாளின் புருஷன் சவேரி அத்தான் குளிப்பார். நான் வள்ளத்தில் கயிறு பிடிப்பேன். மூச்சு முட்டும்போது கயிற்றைச் சுண்டினால் மேலே இழுக்க வேண்டும். அத்தான் சுண்டுவது மீன் கொத்துவதுபோல மெதுவாக இருக்கும். என் கைக்கு மட்டும்தான் அது தெரியும்.

எனக்கோ அப்போது இருபது வயது. சங்கு அள்ளி வருகிறவனுக்குத்தான் கரையில் பேர். கயிறு பிடிக்கிறவனை யார் சீந்துகிறார்கள்? ஒருநாள் கரையில் வைத்தே மல்லுக்கு நின்றேன்.

"நானும் குளிக்கப் போறேன் அத்தான். கயித்த வேற ஆளு பிடிக்கட்டும்."

"ஏலே, கயிறு பிடிக்கது எளப்பமாலே? என் மூச்சே ஒன் கையிலதான கெடக்கு!"

"எத்தன நாளைக்கு நான் மேலயே இருக்கது?"

அத்தான் கூலிக்கு வந்த ஒருவரிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு இறங்கினார். நான் பக்கத்து வள்ளத்திலிருந்து குதித்தேன். இரண்டு சங்கோடு பெருமையாக மேலே வந்தபோது அத்தானின் வள்ளத்தில் ஒரே கூச்சல்; அவரை மூச்சில்லாமல் கிடத்தியிருந்தார்கள். கயிறு லேசாக ஆடியதை நீரோட்டம் என்று நினைத்துவிட்டதாகக் கூலிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஏது வாய்? அக்காள் என்னைத் திட்டவில்லை. "நீ கயித்துல இல்லையாலே?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்ல முடியாமல்தான் கப்பலேறினேன். அந்தக் கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சுற்றில் ஜிம்மியை இறக்கினார்கள். கூட்டத்தைத் தடுக்க மைதானத்தின் ஓரமாகக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அவன் கையை ஓங்கினான். அந்த நேரம் யாரோ கயிற்றில் சாய்ந்திருக்க வேண்டும். அது என் கைக்குள் மெதுவாக ஒருமுறை சுண்டியது.

ஜிம்மி எறிந்தானா, ஜெயித்தானா, எதையும் நான் பார்க்கவில்லை. கால் இந்த ஊர்ப் புல்லில்தான் நின்றது. முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டு வர, இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் நின்றவர் என் தோளைத் தொட்டார்.

"விடுங்கள் மிஸ்டர். அந்தப் பக்கம் யாரும் இல்லை."