அடிப்புல்

கொட்டகைச் சன்னலில் சாக்கை வைத்து ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார் ஆட்டுக்காரர். எத்தனை அடைத்தாலும் பொழுது ஏற ஏற எங்கிருந்தாவது ஒரு கீற்று வெயில் உள்ளே வந்துவிடுகிறது. பட்டதும் ஆடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மூலைக்கு ஓடுகின்றன. காதுகள் வீங்கித் தொங்குகின்றன. கண்ணைச் சுற்றித் தோல் பொருக்குப் பொருக்காக உரிகிறது. ஆணியை வாயில் கவ்வியபடியே அவற்றைச் சமாதானப்படுத்துகிறார். "இருங்க, இருங்க. அடைச்சிட்டேன்."

அவருக்குச் 'சுரண்டி' என்று பட்டப்பெயர். பற்பசைக் குழாயை வெட்டிப் பிளந்து இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுகிற ஆள். அவர் வழித்துச் சாப்பிட்ட தட்டைக் கழுவுவது தண்ணீருக்குத் தண்டம் என்பார் அவர் மனைவி. பெயர் வைத்தவர் வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரர். அவரோ, புல் ஒரு சாண் மிச்சம் இருக்கும்போதே ஆடுகளை அடுத்த வயலுக்கு மாற்றிவிடுவார். சுரண்டிக்கு வயிறு எரியும். "மேலாக்க கொறிச்சிட்டுப் போறதுக்குப் பேரு மேய்ச்சலா? அடி வரைக்கும் போகணும்" என்று வேலியில் சாய்ந்து பாடம் நடத்துவார். தன் ஆடுகளை மண் தெரியும்வரை அடுத்த வயலுக்கு விடமாட்டார்.

இந்தக் கோடையில் இடையிடையே மழை. அடியில் கிடந்த காய்ந்த புல்லில் ஈரமும் புழுக்கமும் சேர்ந்து பூஞ்சை பிடித்தது. அது கண்ணுக்குத் தெரிகிற பூஞ்சை இல்லை. ஆடுகள் அடுத்த வயலைப் பார்த்து வேலியோரம் நின்று கத்தின. மிச்சம் வைத்துவிட்டுக் கத்துவதைப் பார் என்று இவர் வேலிப் படலைத் திறக்கவில்லை.

கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். பூஞ்சையின் விஷம் ஈரலைக் கெடுத்த பிறகுதான் தோல் வெயில் தாங்காமல் வேகும், மேலாக மேய்ந்திருந்தால் இவ்வளவு உள்ளே போயிருக்காது என்றார். மருந்து கேட்டதற்குக் கொஞ்சம் தயங்கினார்.

"நிழல்ல வைங்க, தோல் ஆறிடும். ஈரல்தான்... இப்ப தேறின மாதிரி தெரியறதுல பாதி, குட்டி போடற நேரத்துல விழுந்துடும்."

வேறு யார் வீட்டு ஆட்டையோ சொல்வதுபோலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார் இவர்.

பக்கத்துக்காரர் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. களிம்பு டப்பாவைப் படலில் வைத்துவிட்டுப் போனார். குத்திக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவருடைய ஆடுகள் நல்ல வெயிலில் மேய்கின்றன. அந்தப் பக்கம் திரும்பவே இவருக்குப் பிடிக்கவில்லை.

இன்று காலை, மனைவி புட்டிப்பால் கொடுத்து வளர்த்த பெட்டையாடு போய்விட்டது. புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு மனைவி சாப்பாடு போட்டார். அழுததில் அவர் முகமும் வீங்கியிருந்தது.

"வெளிய விடுன்னு கத்துச்சே" என்றார் இவர். "நான்தான் திறக்கல."

மனைவி குழம்பை ஊற்றினார். இவர் நாலு வாய் சாப்பிட்டார். தட்டின் அடி தெரியத் தொடங்கியது. கை நின்றது. மிச்சத்தை அப்படியே தள்ளி வைத்துவிட்டுக் கைகழுவ எழுந்தார்.