என் குடலுக்காக ஒரு ஜெபக் கூட்டம்

சிங்கப்பூர் பிடோக்கில் எங்கள் வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து கண்மூடி என் குடலுக்காக மன்றாடியபோது, நான் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். ஏற்பாடு அத்தையுடையது. மாதாந்திர ஜெபக் கூட்டத்தில் யாருடைய வேலைக்காகவோ யாருடைய கல்யாணத்துக்காகவோ வேண்டிக்கொண்டிருந்ததற்கு நடுவே, "எங்க அண்ணன் மகளோட வயித்த ஆண்டவர் திறக்கணும்" என்று சத்தமாகச் சொன்னார். கூட்டம் ஆமென் போட்டது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், இதுவரை பேசியிராத ஒரு அம்மாள் என் வயிற்றைப் பார்த்துக் கேட்டார்: "என்னம்மா, போச்சா?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். தஞ்சோங் பகாரில் அலுவலக வேலை. அத்தையின் கணக்கில் நோய்க்குக் காரணமே அதுதான்.

"படிக்கிறேன் வேலை பாக்குறேன்னு உக்காந்தே கெடந்தா எப்படி வெளிய வரும் புள்ள?"

நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்காதவர் போல எனக்கு உபதேசம். அவர் நாள் முழுவதும் சோபாவில்தான் இருப்பார். அவருக்கு வெளிக்குப் போவது கடிகாரம் போல நடந்தது.

எனக்கு வாரம் ஒருமுறை நடந்தாலே பெரிது. நார்ச்சத்து, தண்ணீர், நடை எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் மருத்துவர் ஒரு சோதனை சொன்னார். பெருங்குடலுக்குள் மெல்லிய குழாயை வைத்து அதன் அசைவை அளப்பார்கள். சாப்பிட்டதும் குடல் விழித்து அசைய வேண்டும். அசையாவிட்டால், தூண்டும் மருந்தை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். அதற்கும் அசையாவிட்டால் குடலை வெட்டி எடுப்பது பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்றார்.

சோதனைக்கு முன் அவர்கள் தருவதைத் தவிர வேறு மருந்து எதுவும் கூடாது. அத்தையிடம் நிதானமாக விளக்கினேன். தலையாட்டினார். மறுநாள் காலை என் காப்பியில் பச்சை நிறத்தில் ஏதோ மிதந்தது.

"தேக்கா சந்தையில வாங்குன நிலாவரைப் பொடி, பேதிக்கு நல்லது. அது மருந்தா? வெறும் இலை லா."

காப்பியைத் தொட்டியில் கொட்டினேன்.

"படிச்ச திமிரு!"

"ஆமா அத்த. கஷ்டப்பட்டுப் படிச்சு வாங்குன திமிரு."

மருத்துவமனையில் குழாயை உள்ளே வைத்துவிட்டு, ரொட்டியும் முட்டையும் தந்தார்கள். தின்றேன். திரையில் கோடுகள் படுத்தே கிடந்தன. குடல் அசையவில்லை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு மருந்தைக் குழாய் வழியே விட்டார்கள். காத்திருந்தேன். என் உடம்பில் ஒரு பகுதி இருக்குமா போகுமா என்று அந்தக் கோடுகள்தான் சொல்ல வேண்டும்.

திடீரென்று, ஈரத் துணியைப் பிழிவது போல வயிற்றை ஒரு வலி முறுக்கியது. திரையில் ஓர் அலை எழுந்து, கோட்டுக்குக் கோடு கீழே இறங்கியது. மருத்துவர் சிரித்தார். சாப்பாட்டை மதிக்காத குடல் மருந்தை மதித்தது. வெட்ட வேண்டாம், அளவு பார்த்து மருந்து எடுத்துக்கொண்டால் போதும்.

"நானும் இதத்தானே லா சொன்னேன்!" என்றார் வீட்டில் காத்திருந்த அத்தை. "பேதிக்குக் குடுத்தா சரியாயிடும்னு. இதுக்குப் போய் அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரியா?"

குடல் அசையுமா என்று பார்ப்பதும், அசையும் என்று குருட்டாம்போக்கில் ஊற்றுவதும் அவருக்கு ஒன்றுதான்.

அடுத்த ஜெபக் கூட்டத்தில் அத்தை எழுந்து நின்று சாட்சி சொன்னார். தம் ஜெபம் கேட்கப்பட்டதாம். நான் அறைக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். காலையில் போட்ட மாத்திரை வேலையைத் தொடங்கியிருந்தது. ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தவர்களின் நடுவே தலை நிமிர்ந்து நடந்துபோய், கழிவறைக் கதவைத் தாழிட்டேன்.